குத்தியது குத்தியபடி

அந்தக் கடையில் கண்ணாடி உடையும் சத்தத்துக்கு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. உடைந்ததும் மாமனார் திட்டுவார். முதலில் கண்ணாடியை, பிறகு அதைச் செய்த கம்பெனியை, ஏற்றி வந்த லாரியை, கடைசியில் சொந்த மகனை. திட்டி முடித்ததும் விளக்குமாறு எடுப்பார். வேலை தொடரும்.

அன்று உடைந்தது. திட்டு வரவில்லை.

மருமகள் முன்பக்கம் ஒரு ஜன்னல் சட்டத்துக்கு ரப்பர் பட்டை ஏற்றிக்கொண்டிருந்தாள். பட்டையைக் கீழே வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போனாள்.

மாமனார் தரையில் உட்கார்ந்திருந்தார். முதுகு, கண்ணாடிகளைச் சாய்த்து நிறுத்தும் மரச்சட்டத்தில். கால்கள் நீண்டிருந்தன. வலது தொடையின் உட்புறம் ஒரு கண்ணாடித் துண்டு நட்டதுபோல் நின்றது. வெளியே தெரிந்தது ஒரு விரல் நீளம். உள்ளே எவ்வளவு என்று தெரியவில்லை. அதைச் சுற்றிக் காக்கித் துணி கருத்துக்கொண்டே வந்தது. அவர் அதை வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் மேலே பார்த்தாள். உடைந்த பலகையின் மீதிப் பாதி அவர் தலைக்கு மேல் சட்டத்தில் சாய்ந்திருந்தது. கீழ்விளிம்பு பல்பல்லாக இருந்தது. அவர் கொஞ்சம் அசைந்தால் இறங்கிவிடும்.

ஆணியில் தொங்கிய தோல் கையுறையை மாட்டினாள். அவர் கால்களைத் தாண்டினாள். பலகையைத் தூக்கி எதிர்ச்சுவரில் கொண்டுபோய்ச் சாய்த்தாள். தரையில் கிடந்த சில்லுகளைச் செருப்புக் காலால் ஓரமாகத் தள்ளினாள்.

"கண்ணாடியப் பத்திரம் பண்ணிட்டு அப்புறமாத்தான் மனுஷனப் பாக்கணும் போல," என்றது ஒரு குரல்.

எதிர்க்கடைத் தையல்காரர் வந்து நின்றிருந்தார். கழுத்தில் அளவு நாடா, கையில் கத்தரி. தெருவில் அவருக்கு ரேடியோ என்று பெயர். நிறுத்தப் பொத்தான் கிடையாது.

"அது அவர் கழுத்துல இறங்கியிருக்கும்," என்றாள். "போன் போடுங்க. ஆம்புலன்ஸ்."

ரேடியோ போன் போட்டார். "ஐயா, நான் தையக்கடை வெச்சிருக்கேன். எதுத்தாப்புல கண்ணாடிக்கடை. அதுல பெரியவர் ஒருத்தரு. நல்ல மனுஷன்தான், வாய்தான் கொஞ்சம்…"

"விலாசத்தச் சொல்லுங்க. தொடையில கண்ணாடி குத்தி நிக்குது, ரத்தம் நிறைய போகுது. அவ்வளவுதான்."

விலாசம் சொல்லப்பட்டது.

தோல் கையுறையைக் கழற்றினாள். சிலிக்கான் பூசும்போது போடும் மெல்லிய ரப்பர் கையுறை அவள் மேலங்கிப் பையில் இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு திரும்பியபோது மாமனாரின் கையில் குறடு இருந்தது.

கண்ணாடி வேலை செய்பவர்கள் எல்லாரிடமும் ஒரு சின்னக் குறடு உண்டு. சில்லு ஏறும். அந்த நிமிஷமே பிடுங்குவார்கள். கையை உதறிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். உள்ளே விட்டால் கண்ணாடி நடக்கும் என்பது அவர்கள் பேச்சு. ரத்தத்தோடு போய் நெஞ்சில் நிற்கும். இது அந்தத் தொழிலில் யாரும் கேள்வி கேட்காத விஷயம். அவள் புருஷன் கேட்டதில்லை. கடைக்கு வந்த புதிதில் அவளும் பிடுங்கக் கற்றுக்கொண்டாள்.

சில்லு வேறு. இது வேறு.

குறட்டின் வாய் கண்ணாடியைக் கவ்வியிருந்தது. அவள் மண்டியிட்டு அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். குறட்டைத் தூரத் தள்ளினாள். அது தரையில் வழுக்கி, வெட்டுமேசைக்கு அடியில் போய் நின்றது.

பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் கண்ணாடியின் இரு பக்கமும் வைத்து, சதையைக் கண்ணாடியை நோக்கி நெருக்கி அழுத்தினாள்.

மாமனார் பல்லைக் கடித்தார். அவளைப் பார்க்கவில்லை. ரேடியோவைப் பார்த்தார்.

"அதுகிட்ட சொல்லு. கைய எடுக்கச் சொல்லு."

போன மழைக்காலத்திலிருந்து அவர் அவளிடம் நேராகப் பேசுவதில்லை. ஒரு வாடிக்கையாளர் முன்னால் அவள், "மாமா, அளவு குறையுது," என்று சொல்லிவிட்டாள். குறைந்தது உண்மை. அதுதான் குற்றம். அன்றிலிருந்து சாப்பாடு வேண்டுமென்றாலும் விளக்கை அணைக்க வேண்டுமென்றாலும் மகன் வழியாகத்தான் வரும். மகன் இல்லாதபோது வாடிக்கையாளர் வழியாக. யாருமே இல்லாதபோது அவர் சுவரிடம் சொல்வார்.

"கைய எடுக்கச் சொல்றாரு," என்றார் ரேடியோ. அவள் ஒரு முழ தூரத்தில்தான் இருந்தாள்.

"கேட்டுச்சு. மாட்டேன்னு சொல்லுங்க."

"மாட்டாங்களாம்."

"கண்ணாடி உள்ள இருக்குய்யா. பிடுங்கணும்."

"உள்ள இருக்காம். பிடுங்கணுமாம்."

"பிடுங்கினா ரத்தம் பீறிக்கிட்டு வரும். இப்போ அதுதான் அடைச்சிட்டு நிக்குது. ஆஸ்பத்திரியிலதான் எடுக்கணும்."

ரேடியோ ஒரு கணம் யோசித்தார். "இவ்வளவு பெருசா இருந்தா நான் எப்படி ஞாபகம் வெச்சுச் சொல்றது?"

"சொல்ல வேணாம். சுவர்ல பச்சைப் பெட்டி இருக்கு பாருங்க. எடுத்துட்டு வாங்க."

கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு துணி பேக்கிங் தொழிற்சாலையில் இருந்தாள். மாடிக்கு ஒருவரை முதலுதவி படிக்க அனுப்பினார்கள். அவள் மாடியில் மற்ற எல்லாரும் மறுத்ததால் அவள் போனாள். இந்தக் கடைக்கு வந்ததும் தன் காசில் அந்தப் பெட்டியை வாங்கி மாட்டினாள். மாமனார் அதைப் பார்த்துவிட்டு, "கடைய ஆஸ்பத்திரி ஆக்கியாச்சு," என்று மட்டும் சொன்னார்.

ரேடியோ பெட்டியைத் திறந்தார். உள்ளே திருகாணிகள். கீல்கள். கொக்கிகள். அளவு வாரியாகச் சின்ன டப்பாக்களில்.

"இதுல எதை எடுக்க?" என்றார்.

அவள் கண் மூலையில் இருந்த விளக்குமாற்றுக்குப் போனது. அதன் பிடியில் வெள்ளையாக, நேர்த்தியாக ஒரு கட்டு. பேண்டேஜ் சுருள் போன இடம் தெரிந்தது.

"கொட்டுங்க," என்றாள்.

"என்னத்த?"

"பெட்டிய. அடியில ஏதாவது கிடக்கான்னு பாருங்க."

ரேடியோ தரையில் கொட்டினார். மாமனார் கண்ணை மூடிக்கொண்டார். குத்தியபோதுகூட அவர் முகம் அப்படிச் சுருங்கவில்லை. அடியில் எதுவும் கிடக்கவில்லை.

"சரி. அந்த அலமாரியில கண்ணாடி துடைக்கிற துணி புதுக்கட்டு இருக்கும். பிரிக்காதது. கொண்டாங்க. அப்படியே அந்தக் காகித டேப்பும்."

துணி வந்தது. நல்ல பருத்தி. நூல் உதிராதது.

"கால்சட்டைய வெட்டுங்க. கண்ணாடியத் தொடாம."

ரேடியோ தயங்கினார். "நான் தைச்சதும்மா இது."

"வெட்டுங்க."

"தையல் ஓரமாவே வெட்டுறேன். அப்புறம் சேத்துக்கலாம்." கத்தரி ஓடியது. துணி விலகியது. காயம் தெரிந்ததும் ரேடியோ பேச்சை நிறுத்தினார். ரேடியோ நின்றதைத் தெருவில் யாரும் அதுவரை பார்த்ததில்லை.

"ரெண்டு துணிய இறுக்கமா உருட்டுங்க. பாயச் சுருட்டுற மாதிரி. கண்ணாடிய விட ஒசரமா இருக்கணும்."

அவர் உருட்டினார். மடிப்பு அவர் தொழில். உருளைகள் கல்போல வந்தன. அவள் ஒரு பக்கக் கையை மட்டும் எடுத்து உருளையை வைத்து அழுத்தினாள். பிறகு மறுபக்கம். இப்போது இரண்டு கரைகளுக்கு நடுவில் கண்ணாடி நின்றது. எதுவும் அதைத் தொடவில்லை.

இருவரும் சேர்ந்து அவரை மெல்லப் படுக்க வைத்தார்கள். குத்திய காலை அசைக்கவில்லை. லாரியில் கண்ணாடிகளுக்கு இடையே போடும் கம்பளியை ரேடியோ அவர் மேல் போர்த்தினார். நீளமாகக் கிழித்த துணியை அவள் உருளைகளுக்கு மேலும் கீழுமாகச் சுற்றச் சொன்னாள். கண்ணாடியின் தலைக்கு மேல் ஒரு சுற்றும் போகவில்லை. கடைசியில் டேப்.

அவள் கையை எடுக்கவில்லை. கட்டின் மேலேயே இரு பக்கமும் அழுத்திக்கொண்டிருந்தாள்.

"தண்ணி," என்றார் மாமனார்.

ரேடியோ குடத்தை நோக்கி எழுந்தார்.

"வேணாம். ஆஸ்பத்திரியில மயக்க மருந்து குடுப்பாங்க. வயித்துல ஒண்ணும் இருக்கக் கூடாது."

வாசலில் அதற்குள் நான்கைந்து பேர் கூடியிருந்தார்கள். பின்வரிசையில் ஒருவர், "சாகக் கிடக்கிறவனுக்குத் தண்ணி குடுக்காத மருமகள இப்பத்தான் பாக்குறேன்," என்றார். "பகைய மனசுல வெச்சிருக்கு," என்றார் இன்னொருவர்.

அவளுக்குக் கேட்டது. ஒரு துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து தரச் சொன்னாள். ரேடியோ அதை மாமனாரின் உதட்டில் ஒற்றினார். மாமனார் அதைச் சப்பப் பார்த்தார். அவள், "போதும்," என்றாள்.

"கல்நெஞ்சு," என்றார் மாமனார் ரேடியோவிடம்.

"கல்நெஞ்சாம்."

"இருக்கட்டும். தெருவுல குழாய் போடத் தோண்டி வெச்சிருக்காங்க. வண்டி உள்ள வராது. நீங்க முக்குல போய் நில்லுங்க. இவங்களையும் கூட்டிட்டுப் போய் வழியில கிடக்கிற குழாயெல்லாம் நகத்துங்க. போகும்போதே என் வீட்டுக்காரருக்குப் போன் போடுங்க."

பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு வேலை வந்தது. வாசல் காலியானது.

இப்போது நடுவில் ஆள் இல்லை.

துணியில் சிவப்பு ஊறி வந்தது. அவள் அதை எடுக்காமல் அதன் மேலேயே பக்கவாட்டில் இன்னொரு துணியை வைத்தாள். முழங்கையை நேராக்கி உடம்பின் கனத்தைக் கைகளில் இறக்கினாள். தோளில் வலி ஆரம்பித்திருந்தது.

மாமனார் உத்திரத்தைப் பார்த்தார். உத்திரத்திடம் பேசினார்.

"கண்ணாடி நடக்கும். என் கட்டைவிரல்ல ஏறினது மணிக்கட்டுல வந்து நின்னுச்சு. கண்ணால பாத்தவன் நான். படிச்சவங்களுக்கு இது தெரியாது."

"நான் படிச்சவ இல்ல."

"பிடுங்காம விட்டா நெஞ்சுக்குப் போயிடும். நான் சாவேன்."

அவர் முரண்டு பிடிக்கவில்லை என்று அவளுக்கு அப்போது புரிந்தது. பயந்திருந்தார். அவர் வலது கை தரையில் ஊர்ந்து வந்து கட்டின் ஓரத்தைத் தொட்டது. அவள் இரண்டு கைகளும் கட்டின் மேல் மாட்டியிருந்தன. முழங்காலை நகர்த்தி அந்தக் கையை மென்மையாகத் தரையோடு அமுக்கினாள்.

"மாமா. சட்டத்துல மாட்டின கண்ணாடி விரிசல் விட்டா என்ன பண்ணுவீங்க?"

உத்திரம் பதில் சொல்லவில்லை.

"ஒரு துண்டப் பிடிச்சு இழுப்பீங்களா? இழுத்தா மொத்தமும் கொட்டும். முதல்ல டேப் ஒட்டுவீங்க. குறுக்க, நெடுக்க. அப்புறம் மேசைக்குக் கொண்டுபோய்ப் பொறுமையா எடுப்பீங்க. இப்போ டேப் ஒட்டியாச்சு. மேசை ஆஸ்பத்திரியில இருக்கு."

இமைகள் கனத்து இறங்கின. நெற்றி வியர்த்திருந்தது. தொட்டால் குளிர்ச்சி.

"மாமா."

பதில் இல்லை.

"மாமா, பேசுங்க. நாளைக்கு மாடி வீட்டுக்கு எந்தக் கண்ணாடி போகணும்?"

உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

அவளுக்கு ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அதைக் கையில் எடுத்தாள்.

"அன்னிக்கு அளவு குறைஞ்சது உங்க தப்பு," என்றாள். தெளிவாக, தெருவுக்கே கேட்கிற மாதிரி. "கண் தெரியல. ஒத்துக்க மனசில்ல. அதனாலதான் எங்கிட்ட பேசல."

கண்கள் திறந்தன. உத்திரத்துக்குப் போகவில்லை. நேராக அவள் முகத்துக்கு வந்தன.

"யாருக்கு கண் தெரியல?"

"உங்களுக்கு."

"அளவு டேப்போட நுனி தேஞ்சு போச்சு. ரெண்டு வருஷமா உம் புருஷன்கிட்ட புதுசு வாங்குடா வாங்குடான்னு சொல்றேன். நீ நடுக்கடையில நின்னு மாமா அளவு குறையுதுங்கிற."

"காதுல சொல்லியிருந்தா கேட்டிருப்பீங்களா?"

"மாட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன அப்புறம். பெரிய மனுஷனுக்கு ஒரு மரியாதை இல்ல?"

"இருக்கு. அதான் அழுத்திட்டு உக்காந்திருக்கேன். திட்டுங்க. நிறுத்தாதீங்க."

அவர் திட்டினார். அவள் பிறந்த வீட்டை, அவள் வைக்கும் குழம்பை, பச்சைப் பெட்டியை. மூச்சு வாங்கியது. அவள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் கொடுத்தாள். குழம்பு பற்றிச் சொன்னதற்கு மட்டும், "அது நீங்க வெச்சது," என்றாள். அவர் கொஞ்சம் தடுமாறி, "அதான் சொல்றேன்," என்றார்.

அப்போது அவள் புருஷன் ஓடிவந்தான். ஜன்னல் மாட்டப் போன இடத்திலிருந்து அப்படியே வந்திருந்தான். தலையில் சிமெண்ட் தூசி.

பார்த்தான். இடுப்பிலிருந்து குறட்டை எடுத்தான்.

"தொடாதீங்க," என்றாள்.

"உள்ள இருக்குடி."

"இருக்கட்டும்."

"நடந்துடும்."

"நடக்காது. நான் பிடிச்சிருக்கேன்."

அவன் மண்டியிட்டான். கட்டு கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. இரண்டு கைகளாலும் அழுத்திக்கொண்டிருக்கும் பெண்ணால் ஓர் ஆணைத் தடுக்க முடியாது. அவளுக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும்.

"எங்கூட சண்டை போடணும்னா நாளைக்குப் போடுங்க," என்றாள். "இன்னிக்கு இத இழுத்தீங்கன்னா நாளைக்கு உங்க அப்பா இருக்க மாட்டாரு."

அவன் அப்பாவைப் பார்த்தான். அந்தக் கடையில் கடைசி வார்த்தை எப்போதும் அங்கிருந்துதான் வரும்.

"அப்பா. எடுத்துடட்டா?"

மாமனார் மகனைப் பார்த்தார். குறட்டைப் பார்த்தார். நாக்கால் உதட்டை நனைக்கப் பார்த்தார், நாக்கும் காய்ந்திருந்தது. அவள் கைகள் மரத்துவிட்டன. அவர் என்ன சொன்னாலும் எடுப்பதில்லை என்று அவள் முடிவு செய்திருந்தாள். கையைத் தட்டிவிட்டால் மேலே விழுந்து படுத்துக்கொள்ளலாம் என்றுகூட யோசித்திருந்தாள்.

"மடையா," என்றார் மாமனார். "டேப் ஒட்டின விரிசல் கண்ணாடிய நின்ன இடத்துல எவன்டா இழுப்பான்?"

மகனுக்குப் புரியவில்லை. ஆனால் திட்டு புரிந்தது. குறட்டை இடுப்பில் செருகினான்.

"நான் என்ன பண்ணட்டும்?" இந்த முறை மனைவியிடம் கேட்டான்.

"கைய என் கை மேல வைங்க. ரெண்டு பக்கமும். நான் அடியில இருந்து உருவறேன். ஒரு இழை கூடத் தளரக் கூடாது."

அவன் கை வந்தது. அவள் கை உருவி வெளியே வந்தது. விரல்களை மடக்க முடியவில்லை. அவற்றைத் தன் மடியில் போட்டுக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் அழுத்துங்க," என்றாள். "அப்படியே."

தெரு முனையிலிருந்து ரேடியோவின் குரல் முதலில் வந்தது. பிறகு ஸ்ட்ரெச்சர் வந்தது. வழியெல்லாம் நடந்ததை அவர் ஊழியர்களுக்குச் சொல்லிக்கொண்டே வந்திருந்தார். இருந்தும் அவர்கள் மறுபடி அவளிடம் கேட்டார்கள். எப்போது குத்தியது, நினைவு தப்பியதா, ஏதாவது குடித்தாரா.

"ஒரு சொட்டுகூட குடுக்கல," என்றார் மாமனார். இது புகாராகத்தான் சொல்லப்பட்டது.

"நல்லது," என்றார் ஊழியர். கட்டைப் பிரிக்காமல் அப்படியே தூக்கினார்கள்.

அறுவைச் சிகிச்சை முடிந்து மருத்துவர் வெளியே வந்தார். துண்டு பெரிய ரத்தக்குழாயைக் கீறியிருந்தது என்றார். அந்தக் கீறலைத் துண்டேதான் அடைத்துக்கொண்டிருந்தது. தைத்தாகிவிட்டது. கால் இருக்கும். நடப்பார். அவசரமாக அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

புருஷன் நெடுநேரம் இடுப்பிலிருந்த குறட்டைத் தொட்டுக்கொண்டிருந்தான். பிறகு அதை எடுத்து அவளிடம் கொடுத்தான். "நீயே வெச்சிரு," என்றான். அவள் வாங்கிப் பையில் போட்டாள்.

மாமனார் கண் விழித்தபோது இருவரும் கட்டிலின் இரு பக்கமும் இருந்தார்கள். அவர் அவளைப் பார்த்தார். பிறகு மகன் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"உம் பொண்டாட்டிகிட்ட சொல்லு. தண்ணி வேணும்."

மகன் அவளைப் பார்த்தான்.

"நர்ஸ் சொல்ற வரைக்கும் கிடையாதுன்னு சொல்லுங்க," என்றாள்.

"கேட்டுச்சாப்பா?"

"கேட்டுச்சு."

பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள். மாமனார் தலையைத் தூக்காமல் கண்ணை மட்டும் அவள் பக்கம் திருப்பினார்.

"பெட்டியில இருந்த திருகாணியெல்லாம் எங்க?"

"தரையில."

"அளவு வாரியாப் பிரிச்சு வெச்சிருந்தேன்."

"பாத்தேன். வேற டப்பா வாங்கிக்குங்க மாமா. அந்தப் பெட்டி எனக்கு வேணும்."

அவர் உத்திரத்தைத் தேடினார். அங்கே உத்திரம் இல்லை, வெள்ளைப் பூச்சுதான் இருந்தது. அதைச் சற்று நேரம் பார்த்தார்.

"விளக்குமாத்துல இருக்கிறதையும் அவுத்துக்க," என்றார். "அழுக்காத்தான் இருக்கும்."

"அது வேணாம்," என்றாள். "புதுசு வாங்கிக்கறேன். அப்படியே ஒரு அளவு டேப்பும்."

மகன் சிரித்தான். அவர் அவனைத் திட்டத் தொடங்கினார்.